பெருங்களத்தூர் வட்டாரத்தில் நீரும் தொழில்நுட்பமும்

பெருங்களத்தூர் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர். பேரூராட்சியாக இருந்த இது 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளில் ஏற மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் காத்து நிற்கும் இடம் என்ற அளவிலேயே தமிழகத்தில் பலருக்கும் இவ்வூர் அறிமுகம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கூட்டமும் குறைந்தது.

ஊர்ப் பெயரின் நடுவே உள்ள 'களம்' என்ற சொல் நெல்லடிக்கும் இடத்தையும் குறிக்கும். சுற்றிலும் உள்ள பீர்க்கன்கரணை, இரும்புலியூர், முடிச்சூர், ஆதனூர், மணிமங்கலம் ஆகியவையும் ஏரியும் வயலுமாக வாழ்ந்த ஊர்களே. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் இருப்புப்பாதை, மின்சாரம், தோல் தொழிற்சாலை, ஆழ்துளைக் கிணறு, புறவழிச்சாலை என ஒவ்வொரு தொழில்நுட்பமும் இவ்வட்டாரத்துக்குள் வந்து மக்களின் அன்றாட வாழ்க்கையை மாற்றியது. அந்த மாற்றத்தின் பலனும் விலையும் தெளிவாகத் தெரியும் இடம் நீர். இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

பாறையும் நிலமும்

இந்தியாவின் தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. 1863 மே 30 அன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் மனிதரின் தொன்மையை அறியும் ஆய்வுகளுக்கு அதுவே தொடக்கமாக அமைந்தது.

பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் பகுதிகளின் அடியில் இருப்பது சார்னோக்கைட் எனப்படும் கடினப்பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறை இவ்வகைக் கல்லால் ஆனது என்பதால் தாமஸ் ஹாலந்து இப்பெயரைச் சூட்டினார். சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிய கருங்கல் ஜல்லியை இப்பகுதிக் குன்றுகள் நெடுங்காலம் தந்தன.

நீர் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பாறையின் இயல்பு முக்கியமானது. ஆற்று மணலைப் போலப் பாறை நீரைத் தேக்கி வைக்காது. மேலே சிதைந்து மக்கிய அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அந்தச் சேமிப்பு சிறியது. ஆண்டுதோறும் மழை நிரப்பினால்தான் அது நிலைக்கும். மழையோ பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரங்களின் நீரை ஆண்டு முழுவதற்கும் எப்படி வைத்துக்கொள்வது என்பதே இந்நிலத்தில் வாழ்ந்தவர்களின் முதல் கேள்வியாக இருந்தது.

ஏரி என்னும் தொழில்நுட்பம்

அக்கேள்விக்குக் கிடைத்த விடைதான் ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என்றே அழைக்கப்பட்டது. நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் நீரை வரத்துக்கால்கள் வழியாகச் சேர்த்தனர். மதகு வழியே வயலுக்கு நீர் சென்றது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் வழிந்து அடுத்த ஏரிக்குச் சென்றது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஏரிகள் மழைநீரின் வேகத்தைப் படிப்படியாகத் தணித்தன. தாம்பரத்துக்கு மேற்கே உள்ள சரிவின் நீர் அடையாற்றைச் சேர்ந்தது. கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்தது.

ஏரி பாசனத்துக்கு மட்டும் உதவவில்லை. தேங்கிய நீர் மெல்லக் கசிந்து கரைக்குக் கீழ்ப்புறமுள்ள கிணறுகளை நிறைத்தது. கோடையில் வறண்ட ஏரியின் வண்டல் வயலுக்கு உரமானது. வெள்ளத்தடுப்பும் நிலத்தடி நீரூட்டமும் உர வழங்கலும் ஒரே அமைப்பில் நடந்தன.

கரையும் மதகும் தாமாக நிலைத்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் தூர் வாரி, கரையைப் பலப்படுத்த வேண்டும். உத்திரமேரூரில் உள்ள பத்தாம் நூற்றாண்டின் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்ததைக் காட்டுகின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் மேற்கொண்ட அளவாய்வு, விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கும் நீர் பாய்ச்சும் பணியாளருக்கும் ஒதுக்கப்பட்டதைப் பதிவு செய்தது. கம்புகட்டி எனப்பட்ட அப்பணியாளர் எந்த வயலுக்கு எப்போது நீர் என்பதைக் கவனித்துக்கொண்டார்.

கும்பினி ஆட்சியில் நிலவரி முறை மாறியது. ஊரின் கையிலிருந்த பங்கு அரசின் வருவாயானது. பராமரிப்புக்கான நிதி ஊரைவிட்டுப் போனபின், குடிமராமத்து என்ற கூட்டு உழைப்பும் தளர்ந்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றி அதை மீட்க அரசு முயன்றது. பங்கும் உரிமையும் இல்லாத இடத்தில் சட்டத்தால் மட்டும் பழைய ஒழுங்கைக் கொண்டுவர முடியவில்லை.

இருப்புப்பாதையும் மின்தொடர்வண்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் தென்னிந்திய இரயில்வேயின் மீட்டர் பாதை சென்னையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு வழியாகத் தெற்கே சென்றது. எனினும் இப்பகுதியை மாநகரின் பகுதியாக மாற்றியது நீராவி வண்டியன்று, மின்தொடர்வண்டிதான். சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான பாதை 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமாக்கப்பட்டது. 1931 ஏப்ரல் 2 அன்று ஆளுநர் சர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லி அதைத் தொடங்கி வைத்தார். அவ்வாண்டு மே 11 முதல் பயணிகள் சேவை நடைபெற்றது. இந்தியாவில் பம்பாய்க்கு அடுத்து மின்சாரப் புறநகர் வண்டியைப் பெற்ற நகரம் சென்னையே.

இதன் விளைவு விரைவில் தெரிந்தது. ஜார்ஜ் டவுனில் வேலை செய்யும் எழுத்தரோ கடை ஊழியரோ அலுவலகத்தை ஒட்டியே குடியிருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. மாதச் சீட்டு எடுத்தால் மாம்பலத்திலோ பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ வீடு பார்க்கலாம். பொழுது விடிவதும் சமையல் முடிவதும் வண்டி நேரத்தை ஒட்டி அமைந்தன. மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். சானடோரியம் என்ற இரயில் நிலையத்தின் பெயர் அதிலிருந்தே வந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் சேலையூர்க் காட்டுக்கு இடம் பெயர்ந்தது. நோயாளிக்குத் தூய காற்றும் மாணவருக்கு மரநிழலும் நகரத்துக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தன.

மின்வண்டி புகையில்லாதது என்று புகழப்பட்டது. அதற்கான மின்சாரமோ பேசின் பாலம் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தே வந்தது. தாம்பரத்தில் இல்லாத புகை வடசென்னையில் எழுந்தது. ஓரிடத்தைத் தூய்மையாக்கும் தொழில்நுட்பம் அதன் கழிவை வேறோர் இடத்தில் வைக்கக்கூடும் என்பதற்கு இது தொடக்ககால எடுத்துக்காட்டு.

1931-இன் மின்கம்பிகள் தாம்பரத்தோடு நின்றன. அடுத்த நிலையமான பெருங்களத்தூர் மேலும் ஒரு தலைமுறைக் காலம் ஏரி ஊராகவே இருந்தது. 1960களில் மாறுமின்னோட்டத்தில் மின்மயம் விழுப்புரம் வரை நீண்டது. பின்னர் அகலப்பாதை வந்தது. 2004 ஜூலையில் சென்னையின் கடைசி மீட்டர் பாதை மின்தொடர்வண்டிகள் ஓய்வு பெற்றன. பாதை அகலமாகி வண்டிகள் பெருகியபோது தாம்பரத்தில் நின்றிருந்த குடியேற்றம் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நகர்ந்தது.

நீரிறைக்கப் பிறந்த தோல்

தாம்பரத்துக்கு வடக்கே உள்ள குரோம்பேட்டை ஒரு வேதிப்பொருளின் பெயரைத் தாங்கிய ஊர். அப்பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு நீரிறைக்கும் கவலையில் தொடங்குகிறது.

பம்பு வருவதற்கு முன் வயல் கிணறுகளில் ஏற்றமும் கவலையும் இருந்தன. கவலையில் மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்க, தோற்பை நீரை மேலே கொண்டுவரும். ஆவாரம் பட்டையால் பதனிட்ட தோல் ஓயாமல் நனைவதால் விரைவில் நைந்து போனது. கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் இதற்குத் தீர்வு தேடினார். சென்னை ஓவியக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898-இல் தொடங்கி வைத்தவரும் அவரே. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் நீரில் நெடுநாள் தாங்கும் என்பதால், 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் சென்னையில் குரோம் பதனிடும் ஆய்வுகளை நடத்தினார். எண்ணெய் எஞ்சின் பூட்டிய பம்புகளைக் கிணற்றுப் பாசனத்துக்குப் பரப்புவதிலும் அவர் முனைப்புக் காட்டினார்.

பம்பு பரவியபோது கவலைக்கான தேவை குறைந்தது. குரோம் தோலோ காலணிக்கும் பெட்டிக்கும் சென்றது. 1910களில் பல்லாவரத்துக்கு அருகே குரோம் தோல் தொழிற்சாலை அமைந்து, அதன் பெயராலேயே குரோம்பேட்டை உருவானது. பல்லாவரம், பம்மல், நாகல்கேணி பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்து ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது.

பட்டைப் பதனிடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். குரோம் முறையில் ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். வேகம் கூடியதால் அளவும் கூடியது. தோல் கெடாதிருக்கத் தூவிய உப்பும், தோலில் பிடிக்காமல் எஞ்சிய குரோமியமும் கழிவுநீரில் கலந்து நிலத்துக்குள் இறங்கின. நீர் தங்க இடம் குறைந்த கடினப்பாறை நிலத்தில் அவை கலந்து பரவிக் கிணறுகளை எட்டின. தோல் தொழிற்சாலைகளைச் சூழ்ந்த தெருக்களில் கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் உதவாமல் போனது. கிணற்றிலிருந்து நீரிறைப்பதற்காக ஆராயப்பட்ட தோல், பிற்காலத்தில் கிணறுகளையே கெடுத்தது.

1990களில் பல்லாவரத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்த தோல் ஆலைகளுக்கும் அது பொருந்தியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்னும் இரு கோட்பாடுகளையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்தாளப்படும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியும்

புறநகர் மனைகள் விற்பனைக்கு வந்த வேகத்தில் குடிநீர்க் குழாய்கள் வரவில்லை. வீடு கட்டியவர் முதலில் தோண்டியது கிணறு. 1970களுக்குப் பின் காற்றழுத்தத் துளை எந்திரங்கள் பரவியதால், வாரக்கணக்கில் ஆள் வைத்து வெட்டிய ஆழத்தை ஒரே நாளில் தாண்டிவிட முடிந்தது. நீர்மூழ்கி மோட்டார் அதை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றியது. பெண்கள் கயிறும் வாளியுமாக நீரிறைத்த வேலை சுவிட்சுக்குள் அடங்கியது. அன்றாட வாழ்வில் இது தந்த விடுதலை சிறிதன்று.

ஆனால் கயிறும் வாளியும் இருந்தவரை நீர்மட்டம் இறங்குவதைக் கண்ணால் காண முடிந்தது. நாளுக்கு நாள் கயிறு நீள வேண்டியிருந்தது. துளைக்குள் மோட்டார் இறங்கியபின் நீர் நின்றுபோகும் நாளில்தான் செய்தி தெரிந்தது. அப்போது இன்னும் ஆழமாகத் துளையிட்டனர். பாறையின் வெடிப்புகள் அண்டை வீட்டுக்கும் பொதுவானவை என்பதால், ஒரு வீட்டின் ஆழம் அடுத்த வீட்டின் வறட்சியானது. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் புறநகர்களில் துளையிடுவதும் லாரியில் நீர் விற்பதும் தொடர்ந்தன. வயல்வெளிக் கிணறுகளின் நீர் லாரி ஏறி அடுக்ககங்களுக்குச் சென்றது. குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன் வீட்டு வாசலுக்கு வந்தது.

இதே காலத்தில் ஏரிகளின் தேவை மறக்கப்பட்டது. வயல் மனையானபின் ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லாதபோது மதகைத் திறக்கவும் தூர் வாரவும் ஆளில்லை. வரத்துக்கால் குப்பையால் தூர்ந்தது, கலங்கலுக்குக் கீழே வீடுகள் எழுந்தன. ஏரியைப் பயன்படுத்தியோர் இல்லாமல் போனதே ஆக்கிரமிப்புக்கு வழி திறந்தது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு 2007-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

சாலைகளும் 2015 வெள்ளமும்

பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் வரை செல்லும் சென்னைப் புறவழிச்சாலையும், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச்சாலையும் இவ்வட்டாரத்தின் இன்றைய முகத்தை அமைத்தன. நகரத்துக்குள் நுழையாமல் சரக்கு வண்டிகள் செல்ல இவை உதவின. உயர்ந்த கரைமீது செல்லும் சாலை, அடியில் உள்ள பாலத் திறப்புகளின் அளவுக்கே நீரை விடும். நீரின் கணக்கில் அதுவும் ஓர் அணையே.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. சென்னையின் ஓராண்டு சராசரி மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில் கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றின் தலைப்பகுதியில் பெருக்கெடுத்தது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகியவற்றின் தாழ்ந்த குடியிருப்புகள் நீரில் மூழ்கின. தரைத்தளத்தை விட்டு மாடிக்கு ஏறியவர்களைப் படகில் வந்து மீட்க வேண்டியிருந்தது. மின்சாரமும் தொலைபேசியும் நின்றதால், சுற்றிலும் வெள்ளம் இருந்தும் மோட்டார் ஓடாமல் குடிக்க நீரின்றி மக்கள் தவித்தனர்.

அன்று மூழ்கிய மனைகள் பல ஒருகாலத்தில் வயலாகவோ நீர் பரவும் தாழ்நிலமாகவோ இருந்தவை. அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுச் சேமிப்பைப் போட்டு வீடு கட்டிய நடுத்தரக் குடும்பத்தினர். மனை வரைபடத்தில் சாலையும் எண்ணும் இருந்தன. நீர் எந்த வழியாக வரும் என்பது அதில் இல்லை. அந்த அறிவு ஊரின் கம்புகட்டியிடம் இருந்தது. அவரது வேலை மறைந்தபோது அதுவும் மறைந்தது.

வெள்ளத்துக்குப்பின் அடையாற்றை அகலப்படுத்தும் பணிகள் நடந்தன. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது, தொடக்கவிழா நடந்த இடம் தாம்பரத்துக்கு மேற்கே உள்ள மணிமங்கலம். இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் நீர் மீண்டும் புகுந்தது. பெருங்களத்தூர்ச் சாலையை இரவில் ஒரு முதலை கடந்து செல்லும் காட்சி அப்போது நாடெங்கும் பரவியது. அருகிலுள்ள நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் வாழ்வது உள்ளூர் மக்களுக்குப் புதிய செய்தியன்று. சாலை எது, ஏரி எது என்ற எல்லை மழைநாளில் அழிந்துபோனதையே அக்காட்சி காட்டியது.

வறட்சியின் கணக்கு

வெள்ளம் வந்து நான்கு ஆண்டுகள் முடிவதற்குள் 2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீருடன் முதல் தண்ணீர் இரயில் வில்லிவாக்கம் வந்தது. மாங்காட்டுக்கு அருகிலுள்ள சிக்கராயபுரம் கல்குவாரிப் பள்ளங்களில் தேங்கிய நீரும் சுத்திகரித்து வழங்கப்பட்டது. கல் எடுத்து முடிந்து கைவிடப்பட்ட குழிகள் எதிர்பாராமல் நீர்த்தேக்கங்களாயின.

இவ்விரு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். 49 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்தால் 49 கோடி லிட்டர் நீர் கிடைக்கும். தண்ணீர் இரயில் ஏறத்தாழ 200 முறை வந்தால்தான் அந்த அளவைக் கொண்டுவர முடியும். ஆக, வெள்ளமும் வறட்சியும் ஒரே குறையின் இரு முகங்கள். நீரைத் தங்க வைக்கும் இடம் குறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரைக் கூழாங்கல்லும் மணலும் இட்ட குழிக்குள் அல்லது கிணற்றுக்குள் இறக்கும் எளிய அமைப்பு அது. அடுத்து வந்த மழைக்காலங்களில் கிணறுகளின் மட்டம் உயர்ந்ததும், நீரின் உப்புத்தன்மை தணிந்ததும் பல பகுதிகளில் உணரப்பட்டன. ஆனால் குழியை ஆண்டுதோறும் தூய்மை செய்யாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். ஏரிக்கு நேர்ந்த குறையே இங்கும் நேர்ந்தது. கட்டுவதற்கு விதி இருந்தது, பராமரிப்பதற்கு ஆள் இருக்கவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் இயங்கத் தொடங்கின. மழை பொய்த்தாலும் இவை நீர் தரும். சவ்வு வழியே நீரைத் தள்ள மிகுந்த மின்சாரம் வேண்டும். எஞ்சும் அடர் உப்புநீர் மீண்டும் கடலுக்கே செல்கிறது. தாம்பரத்தில் இல்லாத புகை வடசென்னையில் எழுந்தது போல, இங்கும் ஒரு வசதியின் சுமை வேறிடத்துக்கு மாறுகிறது.

மதிப்பீடு

இவ்வட்டாரத்தின் வரலாறு அறிவியலை வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் தரவில்லை. மின்தொடர்வண்டி எளிய வருவாயினருக்கு வீடும் வேலையும் எட்டச் செய்தது. மோட்டார் நீரிறைக்கும் சுமையைக் குறைத்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், மருந்து முறையாகக் கிடைத்தால் வீட்டிலிருந்தே காசநோய் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது.

ஆனால் ஒவ்வொரு புதிய கருவியும் அதற்கு முந்தைய அமைப்பு சத்தமின்றிச் செய்துவந்த வேலைகளை அறியாமலேயே அதன் இடத்தைப் பிடித்தது. ஆழ்துளைக் கிணறு ஏரியின் பாசன வேலைக்கு மாற்றானது. ஏரி செய்த வெள்ளத்தடுப்புக்கும் நீரூட்டத்துக்கும் எந்தக் கருவியும் மாற்றாக வரவில்லை. அந்தக் குறை பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பெருமழை நாளில் தெரிந்தது.

பெருங்களத்தூரிலும் பீர்க்கன்கரணையிலும் ஏரிகள் இன்னும் எஞ்சியுள்ளன. வண்டலூர்க் காப்புக்காடும், 1985-இல் அங்கே திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவுக்குள் உள்ள ஓட்டேரியும் மழைநீரை இன்றும் வாங்கிக்கொள்கின்றன. செயற்கைக்கோள் படம், நிலமட்ட வரைபடம், மழை அளவீடு எனப் பழைய ஏரி வாரியத்துக்குக் கிடைக்காத கருவிகள் இன்று உள்ளன. வரத்துக்கால் எங்கே ஓடியது என்பதை அவை காட்டும். அதைத் திறந்து வைத்து ஆண்டுதோறும் தூர் வாருவதற்குப் பொறுப்பேற்போர் யார் என்ற கேள்விக்கு மனிதர்களே விடை சொல்ல வேண்டும். உத்திரமேரூர்ச் சபையினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டி வைத்தது அதற்கான விடையைத்தான்.